கோடையும் கொண்டலும்

மே மாதத்தில் சென்னைக்குரிய வானிலை அறிக்கையை வாசிப்போர் அதில் இரண்டு எண்களைக் காண்பர். ஒன்று நுங்கம்பாக்கத்துக்குரியது, மற்றொன்று மீனம்பாக்கத்துக்குரியது. நகரம் ஒன்றே, நாளும் ஒன்றே; எனினும் மீனம்பாக்கத்து எண் பெரும்பாலும் சற்று மிகுந்தே நிற்கும். எண்களை அடுத்து, வெப்பமும் ஈரப்பதமும் ஒருங்கு சேர்வதால் அசௌகரியம் ஏற்படலாம் என்ற எச்சரிக்கை சில நாள்களில் வரும். தை பிறந்ததும் அதே இடத்தில் அதிகாலைப் பனிமூட்டம் பற்றிய குறிப்பு வந்து அமரும். நாம் இவற்றை ஒரு நொடியில் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். தமிழ் பயில்வோர் அவ்வாறு போய்விடலாகாது. அவ்வறிக்கையின் உட்பொருளில் பாதி நம் பழஞ்சொற்களிலேயே பொதிந்து கிடக்கிறது.

‘கோடை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று அது ஒரு பருவத்தின் பெயர். பழந்தமிழில் அது ஒரு காற்றின் பெயருமாகும். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. நிகண்டுகள் இந்நான்கையும் வகுத்துச் சொல்கின்றன. வெயிற்காலத்துக்கு மேல்காற்றின் பெயரை இட்டவர்கள் வெயிலின் காரணத்தை அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது. கொண்டல் என்பது மேகத்துக்கும் பெயராவது ஈண்டு நோக்கத்தக்கது. கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்றல்லவா அது!

சென்னையின் கோடைப் பகல் இவ்விரு காற்றுகளுக்கும் இடையே நிகழும் இழுபறியே ஆகும். இதனைத் தரமணியில் நின்று பார்த்தால் நன்கு விளங்கும். சி.ஐ.டி. வளாகத்திலுள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு மே மாதத்தில் நூல் தேடிச் சென்றிருந்தோம். முற்பகல் பதினொரு மணிக்குப் பேருந்தை விட்டு இறங்கியபோது மேற்கிலிருந்து வீசிய காற்று அடுப்படியின் அனலாக முகத்தில் அறைந்தது. இரண்டு மணியளவில் வெளியே வந்தபோது மரங்களின் இலைகள் எதிர்த்திசையில் அசைந்துகொண்டிருந்தன. திருவான்மியூர்க் கடற்கரை அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவே. கொண்டல் வந்துவிட்டிருந்தது. வெயில் குறையவில்லை, ஆனால் அனல் தணிந்திருந்தது. சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நிலம் விரைவில் சூடேறும். கடல் மெல்லச் சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பத்தால் இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று உள்நோக்கி நகர்கிறது. இதுவே கடற்காற்று. பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். பாடத்தில் அழுத்திச் சொல்லப்படாத செய்தி ஒன்றுண்டு: கடற்காற்று எப்போது வருகிறது என்பதே அன்றைய உச்ச வெப்பத்தை முடிவு செய்கிறது. நண்பகலுக்கு முன்னரே அது வந்துவிட்டால் வெப்பமானி 36, 37 டிகிரி செல்சியசோடு நின்றுவிடும். மேல்காற்று வலுத்து அதனைத் தடுத்து நிறுத்தினால் 40 டிகிரியைத் தாண்டும். கடலுக்கு அண்மையிலுள்ள நுங்கம்பாக்கத்தை முதலில் தொட்டு, உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்துக்குப் பின்னர்ச் செல்வதால்தான் இரு எண்களும் வேறுபடுகின்றன. மே இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்க நெருங்க மேல்காற்று வலுப்பெறும், கொண்டல் தாமதிக்கும். 2003ஆம் ஆண்டு மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. அவ்வாண்டுக் கோடையில் ஆந்திர மாநிலத்தில் வெப்பத்தால் இறந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்.

இவ்வளவைகள் நேற்று முளைத்தவையல்ல. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் எழுப்பிய வானாய்வு நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. மாணவர்கள் ஒருமுறை சென்று காணலாம்.

இனிப் பனிமூட்டம். தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்து, காற்று அடங்கியிருக்கும் இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் தன்னிடமுள்ள நீராவியைத் தாங்கமாட்டாத நிலையை அடைகிறது. அந்த வெப்பநிலைக்குப் ‘பனிநிலை’ என்று பெயர். அதனைத் தொட்டதும் நீராவி நுண்துளிகளாகிறது. ஆயிரம் மீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாதவாறு அத்துளிகள் மறைத்துவிட்டால் அதனை மூடுபனி என்பது வானிலையாளர் வழக்கு. தரமணிக்குத் தெற்கே பரந்து கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் போன்ற ஈரமான இடங்களில் இது எளிதில் படியும். வெயில் ஏறியதும் கலையும். புகை சேர்ந்தால் கதை வேறு. 2018ஆம் ஆண்டு போகியன்று பழம்பொருள்களை எரித்த புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தை மூடிக்கொண்டதில் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

தொல்காப்பியர் பாலைக்கு வேனிலை உரிமையாக்கியதோடு நில்லாமல், பின்பனியையும் அதற்கு உரித்தாக்கினார். வெம்மைக்குரிய நிலத்துக்குப் பனிக்காலம் எவ்வாறு பொருந்தும் என மாணவர் பலரும் வினவுவதுண்டு. மறைப்பற்ற தெளிந்த வானமே பகலில் வெயிலைக் கொட்டுகிறது, இரவில் வெப்பத்தை வெளியே விட்டுக் குளிரச் செய்கிறது என்று நோக்கின் இம்முரண் தீர்கிறது என்பது நம் கருத்து. உரையாசிரியர் கூறும் காரணங்கள் வேறு. அவற்றை மறுப்பது நம் நோக்கமன்று.

சென்னையின் மூடுபனி குளிர்காலத்தது. வெயிலோடு அது சேர்ந்து வருவதில்லை. உலகில் சில கரைகளில் அவ்விரண்டும் ஒரே நாளின் அறிக்கையில் அடுத்தடுத்து இடம்பெறும். ஓமான் நாட்டில் பணியாற்றித் திரும்பிய நம்மவர்களைக் கேட்டால் ஸலாலாவின் ‘கரீஃப்’ பருவத்தைப் பற்றி வியந்து சொல்வார்கள். ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை அக்கரையும் அதன் மலைகளும் மூடுபனியிலும் தூறலிலும் நனைந்து பசுமை பூக்கும். மலைக்கு அப்பாலுள்ள பெரும்பாலையோ 45 டிகிரிக்கு மேல் கொதிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அக்கரைக்கு இணையாக வீசி மேற்பரப்பு நீரைக் கரையை விட்டு அகற்ற, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. ஈரக்காற்று அக்குளிர்நீரைத் தடவி வரும்போது மூடுபனியாகிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலும் கோடையில் நிகழ்வது ஏறத்தாழ இதுவே. பருவத்தைக் குறிக்கும் ‘மவுசிம்’ என்ற அரபுச் சொல்லே ஆங்கிலத்தில் ‘மான்சூன்’ ஆயிற்று. அக்காற்றின் போக்கைப் பதினைந்தாம் நூற்றாண்டில் இப்னு மாஜித் போன்ற அரபு மாலுமிகள் நூலாகவே எழுதி வைத்தனர்.

நமது வங்கக்கடலோ கோடையில் 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாகவே கிடக்கிறது. குளிர்நீர் மேலெழுவது இங்கே மிகக் குறைவு. ஆகவே கொண்டல் கொணரும் ஈரம் மூடுபனியாக உருவெடுப்பதில்லை. கண்ணுக்குப் புலனாகாமல் காற்றிலேயே தங்கி நம் தோலின் மேல் வந்து படிகிறது.

கோடையையும் பனியையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியும் என்பது இங்கேதான் தெரிகிறது. தை மாதக் காலையில் மூடுபனியைத் தோற்றுவிக்கும் அதே பனிநிலைதான் மே மாதப் பிற்பகலில் நம் வியர்வை உலருமா உலராதா என்பதையும் முடிவு செய்கிறது. மே மாதத்தில் அது 25 டிகிரிக்கு மேல் நிற்பது இங்கே இயல்பு. காற்றில் ஈரம் அவ்வளவு மிகுந்திருக்கையில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. உடலின் சூடு வெளியேறுவதில்லை. காற்றின் வெப்பம் 34 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால், அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணைப்படி உடல் உணரும் வெப்பம் 43 டிகிரியைக் கடந்துவிடும்.

‘வெப்ப அலை’ என்ற சொல்லுக்கு இந்திய வானிலைத் துறை வகுத்த வரையறையோ வேறு. கடலோர நிலையத்தில் வெப்பம் குறைந்தது 37 டிகிரியாகவும், இயல்பை விட 4.5 டிகிரி மிகுந்தும் இருத்தல் வேண்டும். இயல்பே 37ஐ ஒட்டி நிற்கும் மே மாதச் சென்னையில் 41 டிகிரியைத் தாண்டினால்தான் அப்பெயர் கிட்டும். கொண்டல் வந்து வெப்பமானியை 36க்கு இறக்கி, ஈரப்பதத்தை ஏற்றிவிட்ட நாளுக்கு அப்பெயர் இல்லை. ‘அசௌகரியம்’ என்ற மென்மையான சொல்லே அதற்குக் கிடைக்கிறது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகச நிகழ்ச்சிக்குத் திரண்ட பெருங்கூட்டத்தில் ஐவர் உயிரிழந்தனர். அன்று வெப்பம் 40 டிகிரியை எட்டவில்லை. கடலோ கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதே மாத இறுதியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. ஆணை நல்லதே. ஆனால் வரையறைக்கு வெளியே நிற்கும் புழுக்க நாள்களில் விழுந்தவரை எந்தச் சொல்லுக்குள் அடக்குவது என்ற வினா இன்னும் அப்படியே நிற்கிறது.

தரமணியிலும் அதனை ஒட்டிய பழைய மகாபலிபுரம் சாலையிலும் எழும் கட்டடங்களில் கம்பி கட்டுவோர் பலர் வெளிமாநிலத்தவர். வறண்ட வெயிலுக்குப் பழகிய உடல் அவர்களுடையது. கடற்காற்று வந்ததும் இனிக் குளிர்ந்துவிடும் என்று நம்பி அவர்கள் வேலையை விரைவுபடுத்துவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்களோடு இருந்த உள்ளூர் மேஸ்திரி ஒருவர் மட்டும் அந்நேரத்தில்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். “இப்பதான் தண்ணி அதிகம் குடிக்கணும், காத்து ஈரமாயிடுச்சு” என்றார்.