நுழைவாயில் – 9: எத்தனை தேர்வு எழுதுவது?

“எல்லாத்தையும் எழுதட்டுமே சார், ஏதாவது ஒண்ணு கிடைக்காமலா போயிடும்?”

சேலையூரில் ஒரு தாய் இப்படிக் கேட்டார். மகன் ப்ளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஜேஇஇ மெயின், விஐடி, எஸ்ஆர்எம், க்யூட் என்று பட்டியல் நீண்டு, கட்டடக்கலைக்கான நாட்டாவில் போய் நின்றது. கட்டடக்கலை படிக்கும் ஆசை அவனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அப்பாவோ ஜேஇஇ ஒன்றே போதும் என்கிறார். தாம்பரம் வட்டாரத்தில் இந்த வாக்குவாதம் நடக்காத வீடு குறைவு.

எல்லாவற்றையும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜனவரியில் ஜேஇஇ முதல் கட்டம், மார்ச்சில் பொதுத்தேர்வு, ஏப்ரலில் ஜேஇஇ இரண்டாம் கட்டம், மே மாதம் க்யூட். நடுவில் பிள்ளை பாடத்தை எப்போது படிப்பான்? அடி வாங்குவது ப்ளஸ் டூ மதிப்பெண்தான். நம் மாணவருக்கு அதிக இடங்களைப் பெற்றுத் தருவதும் அதே மதிப்பெண்தான்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949இல் தொடங்கியது, அப்துல் கலாம் படித்த இடம். அங்கே பி.இ. சேர நுழைவுத்தேர்வு கிடையாது. கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. இந்த 200க்கான கட்-ஆஃப்தான் கவுன்சலிங்கில் பேசும். 1984 முதல் இருந்துவந்த மாநில நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியதால் வந்த வழி இது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பட்டப்படிப்புக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை.

வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் கதை வேறு. மேலக்கோட்டையூர் ஐஐஐடிடிஎம்முக்கு ஜேஇஇ மெயின் வேண்டும். அதே சாலையிலுள்ள விஐடிக்குத் தனித்தேர்வு. அங்கே ரேங்க் பின்னால் போகப் போகக் கட்டணமும் கூடும். எந்த ரேங்க் வரை நம்மால் கட்ட முடியும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். என்.ஐ.டி. கனவு இருந்தால் ஜேஇஇ எழுதத்தான் வேண்டும். திருச்சியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. ஆனால் ரேங்க் வந்தாலும் ப்ளஸ் டூவில் 75 சதவீதமோ, அந்த போர்டின் முதல் 20 பெர்சன்டைலில் இடமோ இருந்தாக வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கு 65 சதவீதம்.

சேலையூர்ப் பையன் கணக்கில் கெட்டி. நியாயமாக அவன் எழுத வேண்டிய தேர்வு அந்தப் பட்டியலிலேயே இல்லை. சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பட்டப்படிப்புக்கு அது தானே தேர்வு நடத்துகிறது. விடையைக் குறித்தால் மட்டும் போதாது, எப்படி வந்தது என்று நிறுவியும் காட்ட வேண்டும். பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணக்கை ரசித்துப் போடும் பிள்ளைக்கு ஐந்து தேர்வுகளைவிட இந்த ஒன்று பொருத்தம்.

பயாலஜி மாணவருக்கு இவ்வளவு தேர்வு செய்யும் இடமில்லை. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா எதுவானாலும் நீட் கட்டாயம். ப்ளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தும் நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் அனிதாவை 2017இல் இழந்தோம். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தமிழ்நாட்டில் பி.பார்ம்., நர்சிங், வேளாண்மை ஆகியவற்றுக்கும், கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும் ப்ளஸ் டூ மதிப்பெண் போதும். நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்து அந்த விண்ணப்பத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

(அடுத்த வாரம்: ‘ரிப்பீட்டர்’ ஆண்டு)