ஆம்புலன்ஸில் ஏறுவதற்கு நான்கு வருடப் படிப்பா?



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஓய்வு கிடையாது. அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தவர், செங்கோட்டைச் சாலையில் அடிபட்டவர், வயலில் பாம்பு கடித்தவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுடைய வீட்டாரோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பதே என் ஊழியத்தில் பெரும்பகுதி.

அப்படி ஒரு நாள், பீடி சுற்றும் தாயார் ஒருவர் பிளஸ் டூ முடித்த மகளோடு என்னைப் பார்க்க வந்தார். "ஐயா, இவ ஆம்புலன்ஸ் படிப்பு படிக்கணும்ங்கா. வண்டில ஏறிப் போறதுக்கு எதுக்குய்யா நாலு வருசம்?"

உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம். ஆகையால் அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற பி.எஸ்சி. பட்டப்படிப்பு இருக்கிறது. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் ஆஸ்பத்திரியிலே பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இது டாக்டர் படிப்பு அல்ல. படித்தவர் டாக்டரின் வழிநடத்துதலின்கீழ்தான் வேலை செய்யவேண்டும். தமிழகத்தில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 வண்டியிலும் ஒரு தொழில்நுட்பர் இருக்கிறார். ஆனால் வேறு பட்டமோ நர்சிங் பயிற்சியோ பெற்றுவிட்டு, சில வாரப் பயிற்சியோடு அந்த வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறைவாகச் சொல்லவில்லை. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த மூன்று வருடத்தில் என்னதான் படிக்கிறார்கள்?

கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடித்தால் வலியும் வீக்கமும் அநேகமாய் இராது. தூக்கத்தில் கடிபட்டவர் விடியும்போது கண் இமை சரிகிறது என்பார், பிறகு விழுங்க முடியாது, அதன்பின் மூச்சுக்குரிய தசைகள் ஓய்ந்துவிடும். ஆனால் இருதயம் துடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பை கொண்டு மூச்சை ஊதிக்கொண்டே வந்தால், விஷமுறிவு மருந்து கிடைக்கும்வரை அவர் உயிரோடிருப்பார். தென்காசியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். கயிற்றால் இறுகக் கட்டுவதும் பிளேடால் கீறுவதும் கேடு என்று படித்தால் மட்டும் போதாது. நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை எப்படிப் போகிறது, விஷம் அதை எங்கே தடுக்கிறது என்று புரிந்தவருக்கே அடுத்து என்ன வரும் என்பது முன்கூட்டித் தெரியும். உடற்கூறும் உடலியங்கியலும் மருந்தியலும் படிப்பது அதற்காகத்தான்.

2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை இழுத்துச் சென்றது. அந்தப் பிள்ளையை எந்தப் படிப்பாவது காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் நீரில் மூழ்கியவரை வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். மூளை பிராணவாயு இல்லாமல் நாலைந்து நிமிடங்களுக்குமேல் தாங்காது. முதலில் தரவேண்டியது மூச்சு.

நல்ல சமாரியனும் முதலில் காயங்களைக் கட்டினான், பிறகே தன் மிருகத்தின்மேல் ஏற்றினான். இத்தனை வருடம் பிரசங்கித்தும் அந்த வரிசையை நான் கவனித்ததில்லை. சாலையில் அடிபட்டவருக்கு உதவுகிறவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த பிரிவும் அவன் பெயராலேயே வழங்குகிறது.

குறைகளையும் மறைக்கவில்லை. இந்தியாவில் அவசர மருத்துவம் டாக்டர்களுக்கே தனி எம்.டி. படிப்பாக அங்கீகாரம் பெற்றது 2009-இல்தான். இந்தப் பட்டதாரிகளின் தொழில், நாடு முழுவதற்குமான சட்டத்தில் இடம்பெற்றது 2021-இல். ஆரம்பச் சம்பளம் பெரிதல்ல. பாடமெல்லாம் ஆங்கிலத்தில், தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் வருடம் கண்ணீர்தான்.

மகள் அதற்கெல்லாம் அசையவில்லை. தாயாருக்குத்தான் வேறொரு கவலை. "பொம்பளப் பிள்ளை ராத்திரி வண்டில போலாமாய்யா?"

"பிரசவ வலியோடு ராத்திரி வண்டியில் ஏறுகிற பெண்ணுக்குப் பக்கத்தில் யார் இருந்தால் நல்லது, சொல்லுங்கம்மா" என்றேன்.

சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டுவிட்டு மகளோடு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.