மலை மேல் ஏரியல், மூலையில் பேட்டரி

ஐப்பசி, கார்த்திகைப் பேய்மழை. டிவியில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வந்து நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போகிறது. இன்னும் சில மணி நேரத்தில் செல்போனிலும் ஒரு கோடுகூட இல்லை. தெருமுனையில் நிற்கும் போலீஸ் ஜீப்பின் வயர்லெஸ் மட்டும் கரகரவென்று பேசிக்கொண்டே இருக்கிறது. அதே மழைதானே? அதற்கு மட்டும் எப்படி?

டிவியைப் பார்ப்போம். மொட்டைமாடி டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளியோ சில மில்லிமீட்டர். இரண்டும் அளவில் நெருங்கி வருவதால் துளிகள் அந்த அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். வயர்லெஸ்காரர்கள் பெரிதும் நம்பும் வி.எச்.எஃப். அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதற்குத் துளி ஒரு பொருட்டே இல்லை. குளத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, தள்ளி ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். அகலமான அலை குச்சியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்.

செல்போன் அலையும் ஒரு சாண், இரண்டு சாண் நீளம் இருக்கும். அதையும் மழை பெரிதாகத் தடுப்பதில்லை. பட்டினியால் விழுவது கோபுரம்தான். கரண்ட் போனால் அதன் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். ரோட்டில் மரம் விழுந்து கிடந்தால் டீசல் வண்டி எப்படி வரும்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது கரண்டும் செல்போனும் சேர்ந்து படுத்ததை உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

வயர்லெஸ் எதற்குத் தேவை என்று பார்க்க, இப்போது திருத்தணிக்கு வாருங்கள். இந்தப் பக்கத்து வெள்ளம் பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தே புறப்படுகிறது. சித்தூர்ப் பக்கம் பெய்யும் மழையில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால், அந்தத் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கிப் பள்ளிப்பட்டு வழியாக வரும். தரைப்பாலங்கள் மூழ்கும், கிராமங்கள் தனித்தனியாகிவிடும். அணை திறந்த சேதி தண்ணீருக்கு முன்னால் வந்து சேர வேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் பக்கத்து அரக்கோணத்தில்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஊருக்குப் படகு வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே அவர்கள் கிளம்ப முடியும்?

அந்தச் சேதியைக் கொண்டு சேர்ப்பதில் மலைக்கு ஒரு வேலை உண்டு. வி.எச்.எஃப். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும்; பூமியோ வளைந்திருக்கிறது. ஏரியல் உயர உயர, எட்டும் தூரமும் கூடும். ஒரு குறுக்குக் கணக்கு சொல்கிறேன். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, நான்கால் பெருக்குங்கள். 25 மீட்டர் உயரத்துக்கு 20 கி.மீ. 100 மீட்டருக்கு 40 கி.மீ. கவனித்தீர்களா, தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். கம்பத்தை நட்டு அவ்வளவு ஏறுவது பெரும் செலவு. மலை அதை இலவசமாகத் தருகிறது. குன்றின் மேல் ஒரு ரிப்பீட்டரை வைத்தால், கீழே இருக்கும் சின்னச் செட்டின் பேச்சை வாங்கி அது மறுபடி ஒலிபரப்பும்.

உயரத்தில் காற்றும் அதிகம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கம்பத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் கம்பத்தை மூன்று திசையிலும் கம்பி இழுத்துக் கட்டுகிறார்கள். இடி மின்னல் நெருங்கினால் ஏரியல் பிளக்கைச் செட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். அந்த நேரத்தில் மொட்டைமாடிக்கோ மலைக்கோ ஏறவே கூடாது, சரியா?

மழை வி.எச்.எஃப். அலையைத் தொடாது என்றேன், ஆனால் கேபிளை விடாது. ஏரியலில் பிளக் சேரும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி போதும். தண்ணீர் உள்ளே இறங்கி, செம்புப் பின்னல் பச்சை பூத்துவிடும். வெளியே பார்த்தால் கேபிள் புத்தம்புதிதாக இருக்கும். உள்ளே சிக்னல் பாதி வழியிலேயே செத்துப்போகும். அதனால் இணைப்பின் மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுவார்கள். ஜன்னல் வழியாக உள்ளே வரும் முன் கேபிளை 'ப' வடிவில் கொஞ்சம் தொங்கவிடுவார்கள். கேபிளோடு வழிந்து வரும் தண்ணீர் அந்த 'ப'வின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

அடுத்தது பேட்டரி. வண்டியில் வைக்கும் 50 வாட் செட் ஒன்று, கேட்டுக்கொண்டிருக்கும்போது சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். பேசும் பொத்தானை அழுத்தினால் 10 ஆம்பியர் இழுக்கும். ஒரு நிமிடப் பேச்சுக்கு இருபது நிமிடக் கேட்பு பறிபோகிறது! வயர்லெஸ்காரர்கள் வெடுக்கென்று பேசுவது கோபத்தால் இல்லை. எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வார்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரைச்சலில் 'ஐந்து படகு' 'எட்டு படகு' ஆகிவிடக் கூடாதல்லவா?

கம்பமே விழுந்துவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு தென்னைமரங்களுக்கு நடுவே 20 மீட்டர் நீளக் கம்பியைக் கட்டி, 7 மெகாஹெர்ட்ஸில் பேசலாம். கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை கிட்டத்தட்ட நேர்மேலே போய், வானில் வெகு உயரத்தில் மின்னேறிய காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுக் குடைபோல இறங்கும். நடுவில் எத்தனை குன்று இருந்தாலும் கவலையில்லை. சில நூறு கி.மீ. வரை கேட்கும்.

அயனி மண்டலம் கைகொடுத்த பெரிய கதை 2004-இல் நடந்தது. பாரதி பிரசாத் என்ற ஹாம், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலிக்காரர், அந்த டிசம்பரில் போர்ட் பிளேருக்குப் போய் நிலையம் அமைத்து, உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஹாம்கள் பேசிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது, சுனாமி வந்தது, தொலைபேசிகள் ஊமையாயின. அந்தப் பொழுதுபோக்கு நிலையமே அவசர நிலையமாக மாறியது. காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரிப்புகள் வங்கக் கடலைத் தாண்டிப் பறந்தன. செட் தயாராக இருந்ததோடு, தினமும் அதில் பேசிப் பழகிய ஆளும் பக்கத்தில் இருந்தார். அலமாரியில் பூட்டிக் கிடக்கும் செட்டை நான் வயர்லெஸ் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

நீங்களும் ஹாம் ஆகலாம். இந்தியாவில் 12 வயது முடிந்தவர்கள் மத்திய அரசின் தேர்வை எழுதலாம். முதல் நிலைக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டியதில்லை. கொஞ்சம் மின்னியல், கொஞ்சம் வானொலி விதிமுறை, அவ்வளவுதான். தேறி உரிமம் வாங்கினால் 'வி.யு. 3' என்று தொடங்கும் அழைப்புக் குறி உங்கள் பெயருக்கு வரும்.