புளிக்குழம்புக்கு ஈடுகொடுக்கும் எரிமலை
கோப்பையின் புவியியல் – 9

சிங்கப்பூரின் தேக்காவில் மீன் தலைக் கறிக்கு எந்த வெள்ளை வைன் பொருந்தும் என்று கேட்டால், பெரும்பாலோர் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங்கைச் சொல்வார்கள். தவறில்லை, இனிப்பு காரத்தைத் தணிக்கும். ஆனால் அந்தக் கறிக்கு உயிர் கொடுப்பது புளி. புளிப்பான சாப்பாட்டுக்கு முன்னால் புளிப்புக் குறைந்த வைன் சப்பென்று ஆகிவிடும். குழம்பைவிட ஒரு படி தூக்கலாகப் புளிப்பதுதான் ஈடுகொடுக்கும். அப்படி ஒரு திராட்சை கிரேக்கத்தின் சான்டோரினித் தீவில் விளைகிறது: அசிர்டிகோ.

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவின் எரிமலை வெடித்து, நடுப்பகுதி கடலுக்குள் அமிழ்ந்தது. எஞ்சிய பிறை வடிவ நிலத்தை நுரைக்கல்லும் சாம்பலும் மூடின. அந்த மண்ணில் களி அநேகமாக இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி இங்கே தலைகாட்டாததற்கு அதுவே காரணம். மற்ற நாடுகளில் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிக் கொடியைக் காப்பாற்றினார்கள். இங்கே கொடி சொந்த வேரில் நிற்கிறது. தண்டு மூப்படைந்தால் வெட்டிவிட்டு, அதே வேரிலிருந்து மறுபடி துளிர்க்க விடுகிறார்கள்.

சிங்கப்பூரில் பெய்யும் மழையில் ஐந்தில் ஒரு பங்குகூட அங்கே தேறாது. கோடையில் சொட்டும் விழாது. காற்றோ கடுமை. அதனால் பந்தல் கிடையாது. கொடியைத் தரையோடு வட்டமாக வளைத்துக் கூடைபோல் முடைகிறார்கள், ‘கூலூரா’ என்பார்கள். குலைகள் கூடைக்குள் பத்திரம். கடலிலிருந்து வரும் இரவு ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வேருக்குக் கொடுக்கிறது. வெயில் ஏற ஏறத் திராட்சையில் புளிப்பு இறங்குவதுதான் வழக்கம். அசிர்டிகோ தன் புளிப்பை விடாது. மண்ணில் பொட்டாசியம் குறைவு என்பதும் அதற்கு உதவுகிறது. பழத்தின் அமிலத்தை மட்டுப்படுத்துவது பொட்டாசியம்தான்.

1971இல் சான்டோரினிக்குப் புவிசார் தகுதி கிடைத்தது. அசிர்டிகோவோடு அதிரி, ஐதானி என்ற வெள்ளைத் திராட்சைகளும் சிறிதளவு சேர்வதுண்டு. ஒரு சங்கடமும் உண்டு: இதில் ஆல்கஹால் பெரும்பாலும் 13.5 முதல் 14 சதவீதம். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். ஆகவே காரசாரமான கறியைவிட, எலுமிச்சை பிழிந்த வஞ்சிர வறுவல், நெத்திலிப் பொரியல், காரம் மட்டான புளிக்குழம்பு ஆகியவற்றோடுதான் இது சோபிக்கும். வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்யும் இனிப்பு வின்சான்டோவை அதிரசத்தோடு பரிமாறலாம்.

விலைக்கு வருவோம். சிங்கப்பூரில் வைனுக்குத் தீர்வை, ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 14 சதவீதமுள்ள 750 மில்லி போத்தலுக்கு அது 9.24 வெள்ளி, அதன்மேல் 9 சதவீதப் பொருள், சேவை வரி. போத்தல் மலிவானாலும் உயர்ந்ததானாலும் தீர்வை ஒன்றே. மலிவு போத்தலில் உங்கள் பணத்தின் பெரும்பங்கு தீர்வைக்கே போகிறது. விளைச்சல் சொற்பமான அசிர்டிகோ எங்கும் மலிவில்லை. ஆனால் அதற்காகக் கூடுதலாகத் தரும் பணம் திராட்சைக்குப் போகிறது. எப்போதாவது வாங்குகிறவர் இதைக் கணக்கில் கொள்ளலாம்.

தேக்காவிலேயே வாங்குவதென்றால் நேரம் பாருங்கள். 2013 டிசம்பர் 8 அன்று அங்கே நடந்த கலவரத்துக்குப் பின் வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரம். சனி, ஞாயிறுகளில் கடைகள் மாலை 7 மணிக்கே போத்தல் விற்பனையை நிறுத்த வேண்டும்.

அடுத்த வாரம்: சிசிலியின் எட்னா மலையும் கரிகான்டே திராட்சையும்.