பனிக்குட நீர் எங்கிருந்து வருகிறது?

ஸ்கேன் அறிக்கையில் ‘ஏஎஃப்ஐ 12’ என்று இருக்கும். வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பனிக்குட நீரின் ஆழத்தை அளந்து கூட்டிய சென்டிமீட்டர் கணக்கு அது. 5-க்குக் கீழே போனால் நீர் குறைவு.

தொடக்கத்தில் இந்த நீர் தாயின் ரத்தத்திலிருந்து ஊறுகிறது. ஐந்தாம் மாதவாக்கில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். முகம் சுளிக்க வேண்டாம். கழிவுகளை நஞ்சுக்கொடி வழியே தாயின் உடலே வாங்கிக்கொள்கிறது. குழந்தை இந்த நீரை விழுங்கி, மறுபடி சிறுநீராக வெளியேற்றுகிறது. அதனால்தான் சிறுநீரகம் இயங்காவிட்டால் நீர் வற்றுகிறது. உணவுக்குழாய் அடைபட்டிருந்தால் பெருகுகிறது.

மூச்சுப் பழகுவதும் இதிலேதான். ஐந்தாம் மாதத்திலேயே நீர் வற்றினால் நுரையீரல் சரியாக வளராது. மருத்துவர்களின் பெரிய கவலை அதுதான்.

குடம் உடைந்து நீர் கசிந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.