கை கியரும் கடகட சத்தமும்

அம்பாஸடர் காரில் ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. எங்கள் வீட்டு டீசல் அம்பாஸடர் அந்த ஜோக்கின் தஞ்சாவூர் கிளை!

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாடலை வைத்து 1950-களில் உத்தரபாராவில் தயாரிக்க ஆரம்பித்து, 2014-ல் நிறுத்தப்பட்ட வண்டி அது. பழைய மாடல்களில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் முன்பக்கம் நீளமான ஒரே சீட். மூன்று பேர் தாராளம். கல்யாண சீஸனில் நாலு.

சிக்கல் என்னவென்றால், லீவர் இங்கே, கியர் பாக்ஸ் அங்கே. நடுவில் கம்பி, மூட்டு, புஷ் என்று ஒரு கூட்டுக் குடும்பம். புஷ் தேய்ந்தால் லீவர் லொடலொடக்கும். இரண்டாவது கியர் கேட்டால் 'அப்புறம் வாங்க' என்கும். 1990-களின் தொடக்கத்தில் இசுஸு இன்ஜினோடு வந்த 1800 மாடலில் கம்பெனியே ஐந்து கியரைத் தரையில் வைத்துவிட்டது. பழைய வண்டிக்காரர்களுக்கும் ஃப்ளோர் கியர் ஆசை வந்தது அப்புறம்தான்.

"தம்பி, கியர் மாத்துறது பெரிய வேலையில்லே. ஓட்டை போட்ட பிறகு சத்தத்தை அடைக்கிறோம் பாருங்க, அதான் வேலை" என்றார் எங்கள் மெக்கானிக்.

உண்மைதான். லீவருக்காகத் தகரத்தை வெட்டினால் அந்த வழியாக இன்ஜின் இரைச்சல், சூடு, தை மாதத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோலின் தூசி எல்லாம் டிக்கெட் வாங்காமல் ஏறிவிடும். ஆகவே லீவர் அசையும் அளவுக்கு மட்டும் வெட்டி, இரண்டடுக்கு ரப்பர் பூட் போட்டு, ஓரத்தைத் தகர வளையத்தால் இறுக்கினார். தரைத் தகரம் அதிராமலிருக்க தார் ஷீட், அதன்மேல் கெட்டி ஃபெல்ட், பிறகு மேட். பழைய மெத்தைப் பஞ்சைத் திணிக்கிற புத்திசாலித்தனம் வேண்டாம். அடியில் சைலன்ஸர் குழாய் கொதிக்கிறது, சார்!

ஒயர்கள் நுழையும் சின்ன ஓட்டைகளையும் விடக்கூடாது. ராத்திரி நீங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியே ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தத்துக்கும் வாசல்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன்? அப்பாவுக்குக் காதில் மிஷின். அது வண்டி இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஏறியதும் கழற்றி சட்டைப் பையில் போட்டுவிடுவார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வழி முழுக்கப் பேச்சு கிடையாது.

நடு சீட் போனதில் அவருக்கு வருத்தம்தான். "இனிமே உங்க அத்தை எங்கடா உக்காருவா?" என்றார். நியாயமான கேள்வி, அத்தை இப்போது பின்சீட்டில்.

சத்தம் அடியோடு போகவில்லை. டீசல் இன்ஜின் டீசல் இன்ஜின்தான். ஆனால் போன வாரம் கும்பகோணம் போனபோது அப்பா மிஷினைக் கழற்றவில்லை. ஐயம்பேட்டையில் நெல் அறுப்பு பற்றி ஆரம்பித்தவர், பாபநாசம் தாண்டியும் நிறுத்தவில்லை. நடுநடுவே, "மூணாவது போடுடா, ஏன் இழுத்துக்கிட்டே போறே?" என்று எனக்கு டிரைவிங் பாடம் வேறு!