தலைவன் இல்லாத தாளம்

சிலாங்கூர் மாநிலத்தில் கோல சிலாங்கூருக்கு அருகே கம்போங் குவாந்தான் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு ஓடும் சிலாங்கூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் மரங்கள் வரிசையாக வளர்ந்துள்ளன. பொழுது சாய்ந்ததும் அம்மரங்களின் இலைகளில் எண்ணற்ற மின்மினிகள் ஒளிரத் தொடங்குகின்றன. முதலில் அவை தனித்தனியே மின்னுகின்றன. இருள் கூடக்கூட, ஒரு மரத்தில் உள்ள மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இவ்வாறு நிகழ்கிறது.

மின்மினி, வண்டினத்தைச் சேர்ந்த பூச்சியாகும். அதன் வயிற்றுப் பகுதியில் நடைபெறும் வேதிவினையால் வெப்பம் மிகக் குறைந்த ஒளி உண்டாகிறது. ஆண் மின்மினிகள் தம் இணையைக் கவரவே இவ்வாறு ஒளிர்கின்றன. ஆனால், இத்தனை பூச்சிகளும் ஒரே நேரத்தில் ஒளிர்வது எப்படி?

இக்கேள்வி அறிஞர்களை நெடுங்காலம் குழப்பியது. ஏதேனும் ஒரு மின்மினி தலைமை தாங்கி மற்றவற்றை வழிநடத்துகிறது எனச் சிலர் கருதினர். பார்ப்பவரின் இமைத் துடிப்பால் உண்டாகும் மாயத் தோற்றமே இது என 1917ஆம் ஆண்டில் ஒருவர் எழுதினார். 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்தில் இதனை ஆராய்ந்தனர். அவர்கள் மின்மினிகளைப் பிடித்து வந்து, பேங்காக்கில் தாங்கள் தங்கியிருந்த இருண்ட அறையில் பறக்கவிட்டனர். தொடக்கத்தில் அவை ஒழுங்கின்றி மின்னின. சிறிது நேரத்தில் அருகருகே இருந்த இரண்டு, மூன்று பூச்சிகள் ஒன்றாக ஒளிர்ந்தன. வழிநடத்தும் தலைவன் எதுவும் அங்கு இல்லை.

ஒவ்வொரு மின்மினிக்குள்ளும் ஒளிரும் நேரத்தை முறைப்படுத்தும் உட்கடிகாரம் ஒன்று இயங்குகிறது. பக்கத்து மின்மினியின் ஒளியைக் கண்டதும் அது தன் கடிகாரத்தைச் சற்றே திருத்திக்கொள்கிறது. பக்கத்துப் பூச்சியும் அவ்வாறே செய்கிறது. இச்சிறு திருத்தங்கள் மீண்டும் மீண்டும் நிகழ்வதால், மரம் முழுவதும் ஒரே தாளம் பரவுகிறது. இத்தகைய ஒத்திசைவு தானாகவே உருவாக முடியும் என்பதை 1990ஆம் ஆண்டில் மிரோலோ, ஸ்ட்ரோகாட்ஸ் ஆகிய கணிதவியலாளர்கள் நிறுவினர். நம் இதயத்தின் துடிப்பும் இதனைப் போன்றதே. அதனைத் தொடங்கி வைக்கும் ஆயிரக்கணக்கான உயிரணுக்கள், தங்களுக்குள் ஒத்திசைந்தே இயங்குகின்றன.

அண்டை உயிரைக் கவனிப்பதால் பிறக்கும் இத்தாளம், அக்கவனம் தடைப்பட்டால் குலைந்துவிடும். செயற்கை விளக்குகளின் வெளிச்சத்தில் மின்மினிகளால் ஒன்றின் ஒளியை மற்றொன்று தெளிவாகக் காண முடிவதில்லை. கரையோரத் தாவரங்களை அழித்துச் செம்பனை பயிரிட்டாலோ கட்டடங்கள் எழுப்பினாலோ அவற்றின் வாழ்விடமும் சுருங்குகிறது. மின்மினியின் புழுக்கள் கரையின் ஈரநிலத்தில் வாழும் சிறு நத்தைகளை உண்டு வளர்பவை. ஆகவே, மரத்தை மட்டும் விட்டுவைத்து நிலத்தை அழித்தாலும் மின்மினிகள் அருகிவிடும். எண்ணிக்கை குறைந்தால், ஒரு மின்மினி பார்த்து ஒத்திசைவதற்கு அருகில் மற்றொன்று இராது.

இதனால்தான் கம்போங் குவாந்தானில் பயணிகளைத் துடுப்புப் படகில் அழைத்துச் செல்கின்றனர். ஒளிப்படக் கருவியின் மின்னொளியையும் பயன்படுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கின்றனர். ஆற்றங்கரையின் ஈரத்தையும் இரவின் இருளையும் காத்தால்தான் மின்மினிகளின் தாளம் தொடரும்.